நூறாவது வியாழன்

வியாழக்கிழமை மாலை ஆறே முக்கால் ஆனால் என் கேரம் ஆட்ட அறிக்கை வந்துவிடும். கட்டிலில் சாய்ந்து, இரண்டு கைகளையும் வெந்நீர்ப் பைமேல் வைத்துக்கொண்டு, எதிர்ச்சுவரில் அதைப் படிப்பேன். நாற்பத்திரண்டு அடி. பதினோரு காய். சிவப்பு ஒன்று. மைனஸ் இல்லை. கடைசியில் பச்சை எழுத்தில், "வாழ்த்துகள் நிறைமதி, இன்று சிறப்பாக ஆடினீர்கள்" என்று ஒரு வரி. அன்றைக்கு முழுவதும் நான் சிறப்பாகச் செய்த ஒரே காரியம், யார் உதவியும் இல்லாமல் ரவிக்கைக் கொக்கியை மாட்டிக்கொண்டதுதான்.

"ஜெயிச்சியா?" என்று சமையலறையிலிருந்து கதிரேசன் குரல் கொடுப்பார். என் கணவர். கேட்காவிட்டால் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன் என்று அவருக்குப் பயம். கேட்டாலும் அதேதான் நடக்கும்.

"நான் எங்க ஜெயிச்சேன்? அது ஜெயிச்சுது."

அது என்றால் என் பதிலி.

பகல் பதினொன்றிலிருந்து நான்கு வரை வெயிலடைப்பு. சங்கு ஊதி, கதவுகள் திறந்து, தெரு ஆறி, மனிதர்கள் வெளியே தலைகாட்ட ஐந்தாகிவிடும். வீட்டுக்குப் பங்கிட்டுத் தரும் குளிர் தூங்குவதற்கே போதாது. ஆகவே வட்டத்துக்கு ஒரு பொழுதகம் கட்டியிருக்கிறார்கள். அங்கே கேரம், சதுரங்கம், சேர்ந்திசை என்று கூடுகிற ஒவ்வொரு மேசைக்கும் வாரம் ஒரு மணி நேரக் குளிர் உண்டு. ஆனால் மேசை நிறைந்திருக்க வேண்டும். நாலு நாற்காலி என்றால் நாலிலும் ஆட்டம் நடக்க வேண்டும். பத்து வாரம் ஒரு நாற்காலி சும்மா கிடந்தால் மேசையையே கலைத்து, வரிசையில் காத்திருப்பவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். நிறைமேசை விதி என்று இதற்குப் பெயர்.

சீக்காளிகள் என்ன செய்வார்கள் என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். பதிலாக வந்ததுதான் பதிலி. உங்கள் நாற்காலியில் ஒரு இயந்திரக் கையும் ஒரு பேச்சுப்பெட்டியும் பொருத்திவிடுவார்கள். கேரம் பலகைக்கு நீங்கள் இதுவரை அடித்த ஒவ்வொரு அடியும் ஞாபகம் இருக்கும். அதையும் உங்கள் குரலையும் கற்றுக்கொண்டு, அது உங்களைப் போலவே ஆடும், பேசும், சிரிக்கும். நீங்கள் வரவில்லை என்ற குறையே யாருக்கும் தெரியாது. விளம்பரத்தில் இதைத்தான் பெருமையாகச் சொல்கிறார்கள். எங்கள் தெருச் சேர்ந்திசைக் குழுவில் பதினோரு பேரில் எட்டுப் பேர் பதிலிகள். அந்த எட்டில் இருவர் இறந்துபோய் நாலு வருடமாகிறது. வாராவாரம் சுதி சுத்தமாகப் பாடிக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு முடக்குவாதம். நிலாவில் கீரை பயிரிடுகிறார்களாம், என் விரல் மூட்டுக்கு மட்டும் இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை. வலியைக் குறைப்பார்கள், வீக்கத்தை வடியவைப்பார்கள், பிறகு ஒரு நாள் அது சொல்லாமல் கொள்ளாமல் திரும்ப வரும். காலையில் எழுந்தால் இன்று எந்தக் கை என் பேச்சைக் கேட்கும் என்று தெரியாது. நான் இடது கைக்காரி. வலது கை அதிகமாகக் கெட்டிருந்ததால், இடது கை கடைசிவரை காப்பாற்றும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு வியாழக்கிழமை ஸ்ட்ரைக்கரைச் சுண்டுவதற்கு விரலை மடித்தேன், மடிந்த விரல் விரியவில்லை. அடுத்த வாரமே பதிலிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்துவிட்டேன்.

மேசை நண்பர்கள் மூவரும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். "நலம்" என்று ஒற்றைச் சொல்லில் பதில் அனுப்பினேன். வருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றேன். குளியலறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பவளை யாரும் வந்து பார்க்க வேண்டியதில்லை என்ற வீம்பு. அவர்களுக்குத்தான் நான் ஒருத்தி அங்கே இருக்கிறேனே, சிரித்துக்கொண்டு, மைனஸ் போடாமல்!

பதிலி முதல் ஆறு வாரம் ராஜாங்கமாக ஆடியது. ஏழாவது வாரம் அறிக்கையைப் பார்த்து நான் எழுந்தே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு காய், ஐந்து மைனஸ். எட்டாவது வாரம் அதைவிட மோசம். அதற்கும் முடக்குவாதம் வந்துவிட்டதோ என்று நினைத்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், அந்தச் சில மாதங்கள் அதன்மேல் எனக்குப் பாசம் வந்தது. எனக்கு வலித்த நாட்களில், பாவம் அதற்கும் வலிக்கும் என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் அது மெல்ல மெல்லத் தேறியது. நாலு காய், ஆறு காய், ஒன்பது காய். நான் தேறவில்லை. அப்போது பிடித்ததுதான் அதன்மேல் வெறுப்பு.

அதன் ஆட்டமும் ஒரு நிலையில் இல்லை. ஒரு வாரம் பயந்தாங்கொள்ளி மாதிரி கைக்கெட்டிய காயை மட்டும் போடும். அடுத்த வாரம் முரட்டுத்தனமாகப் பலகையின் எதிர்ச்சுவரில் அடித்துத் திருப்பப் பார்க்கும். அதற்கடுத்த வாரம் சிவப்பைத் தவிர எதுவும் கண்ணில் படாது. என்னைப் போலவே ஆடும் என்று சொன்னீர்களே என்று பதிலி நிலையத்துக்குப் புகார் எழுதினேன். "தங்கள் ஆளுமையின் பன்முகத்தன்மை" என்று பதில் வந்தது. சரி, நான் அவ்வளவு பெரிய ஆள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

தொண்ணூற்றெட்டாவது வாரம் கடிதம் வந்தது. பதிலிக்கு நூறு வாரம்தான் தவணை. நூறாவது வியாழன் நான் நேரில் போய் ஒரு மணி நேர ஆட்டத்தை முழுதாக ஆட வேண்டும். என் முறை வந்து ஒரு நிமிடத்துக்குள் அடிக்காவிட்டால் தவறிய முறை. மூன்று முறை தவறினால் நாற்காலி போய்விடும். ஆடி முடித்தால் இன்னொரு நூறு வாரம் கிடைக்கும், வரலாம், வராத வாரம் பதிலி ஆடும். இதெல்லாம் முடியாதென்றால் ஒரு கையெழுத்துப் போட்டு நிலைப்பதிலியாக்கிவிடலாம். பிறகு அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும், நான் செத்த பிறகும்.

"கையெழுத்துப் போட்டுடேன்," என்றார் கதிரேசன். "ஒரு மணி நேரம் உக்காந்தா ஒரு வாரம் படுக்கணும் நீ."

"போட்டுட்டா அப்புறம் நான் யாரு?"

"என் பொண்டாட்டி," என்றார். ஆனால் அன்றிரவு படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன், கையெழுத்துப் போடவில்லை. போய்ப் பார்ப்போம். அவர்கள் முகத்தில் அதுவே போதும் என்று எழுதியிருந்தால், அங்கேயே போட்டுக் கொடுத்துவிட்டு வருவோம். எனக்கு இருந்த பயம் வலியைப் பற்றியதல்ல. என்னைவிட என் பதிலியை அவர்களுக்குப் பிடித்திருக்குமோ என்பதுதான் பயம். அது கோபப்படாது, சண்டை போடாது, கடைசி நிமிடத்தில் வர முடியவில்லை என்று சொல்லாது. நானாக இருந்தாலும் அதைத்தான் வைத்துக்கொள்வேன்.

நூறாவது வியாழன் ஐந்தரைக்குக் கதிரேசன் என்னைப் பொழுதகத்தின் வாசலில் இறக்கிவிட்டு, உள்ளே வரட்டுமா என்று கேட்டார். வேண்டாமென்று தலையாட்டினேன். எங்கள் மூன்றாம் மேசை அதே இடத்தில்தான் இருந்தது. அதே மஞ்சள் விளக்கு, அதே பவுடர் வாசம்.

"மதி!" என்று எழுந்தாள் ஃபைரோஸா. எனக்கு எதிரே உட்காரும் ஜோடி. தையற்கடைக்காரி, என்னைவிட இரண்டு வயது இளையவள், என்னை ஒருநாளும் அக்கா என்று கூப்பிட்டதில்லை. கட்டிப்பிடிக்க வந்தவள், எங்கே தொட்டால் வலிக்குமோ என்று பாதியில் நின்றாள். கடைசியில் என் தோள்பையை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

"வாங்கக்கா, எவ்ளோ நாளாச்சு," என்றான் லோகு. மின்தூக்கி பழுதுபார்க்கிறவன், எங்கள் எதிர் அணி. ஒரு நகைச்சுவை சொன்னான். வழக்கம்போல் அதில் ஒன்றுமில்லை, வழக்கம்போல் நான் சிரிக்கவில்லை. உடனே அவன் முகம் அப்படியொரு மலர்ச்சி கண்டது. எனக்குப் புரியவில்லை.

அவனுடைய ஜோடி ஞானசுந்தர் சார். நீர்ப்பங்கீட்டு அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலியை அரை அங்குலம் நகர்த்தினாலும் "அது தப்பும்மா" என்பார். அவர் எழுந்து நின்று கைகூப்பினார். அவ்வளவுதான். மூவருமே ஏதோ திருட்டுத்தனம் செய்த பிள்ளைகள் மாதிரி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதுதான், இவர்களுக்கு நான் வந்தது சங்கடம் என்று தீர்மானித்துக்கொண்டேன்.

என் நாற்காலியின் பக்கவாட்டில் பதிலிக் கை மடங்கி ஒரு துணிக்குள் கிடந்தது. துணியின் மேல் ஒரு விரற்கடைப் பவுடர் படிந்திருந்தது. சரியாகத் துடைப்பதில்லை போலிருக்கிறது.

ஆட்டம் தொடங்கியது. முதல் அடி என்னுடையது. விரலை மடித்தேன், விரிந்தது! ஒரு வெள்ளைக் காய் மூலைக் குழியில் விழுந்த சத்தம் காதில் விழுந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. நூறு வாரமாக அந்தச் சத்தத்தை எண்ணிக்கையாக மட்டும் படித்துக்கொண்டிருந்தேன். பத்தாவது நிமிடம் லோகுவோடு சண்டை போட்டேன், அவன் முழங்கை கோட்டைத் தாண்டியது என்று. இருபதாவது நிமிடம் ஃபைரோஸா சிவப்பைப் போட்டாள், அதற்கு ஃபாலோவாக அடுத்த காயையும் அவள் போட வாகாக நான்தான் காய்களைத் திறந்துவிட்டிருந்தேன் என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். முப்பது நிமிடம் நான் நோயாளி என்பதே மறந்துபோயிருந்தது.

நாற்பதாவது நிமிடம் ஞாபகம் வந்தது. ஆள்காட்டி விரலின் அடி மூட்டில் ஊசி குத்தியது, பிறகு மணிக்கட்டு இறுகியது. என் முறை வந்தபோது விரல் அசையவில்லை. பலகை விளிம்பில் விளக்கு மஞ்சளாகி, சிவப்பாகி, அணைந்தது. ஒரு முறை தவறியது. ஐந்து நிமிடம் கழித்து இன்னொன்று. ஸ்ட்ரைக்கரைத் தள்ளியாவது விடலாமென்றால், தள்ளினால் கணக்கில்லை, சுண்ட வேண்டும். பலகைக்கு வித்தியாசம் தெரியும். வலது கையால் முடியாது, முடிந்தாலும் பலகை அதை நானென்று ஒப்புக்கொள்ளாது. அதற்கு நான் என்றால் இடது கை.

இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. ஞானசுந்தர் சார் தன் அடியை அடித்தார். காய் விழவில்லை. அடுத்தது என் முறை. மஞ்சள் விளக்கு எரிந்தது.

கையைத் தூக்கிப் பார்த்தேன். அது என் கை மாதிரியே இல்லை. சரி, போதும் என்று மடியில் வைத்துக்கொண்டேன். பையில் படிவம் இருக்கிறது. நாற்காலி ரத்தாவதற்குள் கையெழுத்துப் போட்டால் பதிலியாவது அவர்களோடு இருக்கும். பேனாவைப் பிடிக்கக்கூட முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. விளக்கு சிவப்பானது.

ஞானசுந்தர் சார் எழுந்தார். நாற்காலியை ஒழுங்காகப் பின்னால் தள்ளினார். இரண்டடி நடந்து என் தோளருகே வந்து குனிந்தார். இடது கையால் ஸ்ட்ரைக்கரை என் கோட்டில் வைத்தார், கண்ணை இடுக்கிப் பார்த்தார், சுண்டினார். வெள்ளைக் காய் ஒன்று, எங்கள் காய், எதிர்க் குழியில் சுத்தமாக விழுந்தது. விளக்கு பச்சையானது. "நன்று, நிறைமதி," என்றது பலகை.

அவர் நிமிர்ந்து திரும்பி நடக்கத் தொடங்கி, பாதியில் நின்றார். அப்போதுதான் தான் செய்தது அவருக்கே தெரிந்தது போலிருந்தது. லோகு நாக்கைக் கடித்துக்கொண்டான். ஃபைரோஸா வாயைப் பொத்திக்கொண்டாள். முப்பது வருடம் விதி விதி என்று வாழ்ந்த மனிதர், கையும் களவுமாக நடு மண்டபத்தில் நின்றார்.

"சார்," என்றேன், "நீங்க எப்ப இடது கையால ஆடக் கத்துக்கிட்டீங்க?"

"அது வந்தும்மா..." என்றார். "இன்னைக்கு என் முறை. பழக்க தோஷத்துல எழுந்துட்டேன்."

"உங்க முறையா?"

ஃபைரோஸாதான் சொன்னாள். "ஆறு வாரம் அந்தப் பெட்டியோட ஆடிப் பார்த்தோம்டி. லோகு கடி ஜோக் அடிச்சா விழுந்து விழுந்து சிரிக்குது. சார் தப்புன்னா உடனே மன்னிச்சுக்கோங்கங்குது. உன் குரல்ல! வாராவாரம் என்னைப் பார்த்து சாப்பிட்டியா ஃபைரோஸான்னு கேக்கும். நானும் சாப்பிட்டேன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போய் அழுவேன். நீ என்னைக்கு என்னை சாப்பிட்டியான்னு கேட்டிருக்க?"

"நான்தான் பிடுங்கி விட்டேன்க்கா," என்றான் லோகு. "லிஃப்ட்டையே நிறுத்துறேன், இது எம்மாத்திரம்? ஆனா நாற்காலி சும்மா கிடந்தா மேசையைக் கலைச்சிருவாங்க. இந்தப் பலகைக்கு இடது கையால அடிச்சா அது நீங்க. அதான், வாரம் ஒருத்தர்னு முறை வெச்சுக்கிட்டோம். மொத முறை சார்தான். அவங்கவங்க அடிய வலது கையில அடிச்சிட்டு, எழுந்து வந்து உங்க அடிய இடது கையில அடிக்கிறது."

"எதிர் அணிக்காகவா? உங்களையே தோற்கடிக்கவா?"

"ஆடறதுன்னா ஒழுங்கா ஆடணும்மா," என்றார் ஞானசுந்தர் சார் சற்றுக் கோபமாகவே. "போன மாசம் உங்க கையால எங்களை ரெண்டு தடவை தோற்கடிச்சேன். வீட்டுல அரைமணி நேரம் தினம் பயிற்சி."

அப்போதுதான் அவர்கள் கைகளைப் பார்த்தேன். மூன்று இடது கைகள். மூன்றிலும் ஆள்காட்டி விரல் நகம் ஒட்ட வெட்டியிருந்தது, ஓரத்தில் காய்ப்பு. ஃபைரோஸாவின் மருதாணி அந்த ஒரு நகத்தில் மட்டும் தேய்ந்திருந்தது. ஏழாவது வாரத்தின் ஐந்து மைனஸ், பிறகு இரண்டு காய் நாலாகி ஒன்பதானது, ஒரு வாரம் பயம், ஒரு வாரம் முரட்டுத்தனம், ஒரு வாரம் சிவப்பு. தொண்ணூற்று மூன்று வியாழக்கிழமை. தலைக்கு முப்பத்தொன்று. நான் வெறுத்துக்கொண்டிருந்தது இவர்களை!

"ஏன்டி ஒரு வார்த்தை சொல்லல?"

"நீ ஃபோனை எடுத்தாத்தானே? எழுதி அனுப்பினா யாராவது பார்த்துட்டு மேசையைத் தூக்கிடுவாங்க. அதுவும் போக, தெரிஞ்சா ஐயோ என்னால இவங்களுக்குச் சிரமம்னு நாற்காலியையே எழுதிக் கொடுத்துட்டுப் போயிருவ. உன்னை எனக்குத் தெரியாதா?"

பையிலிருந்த படிவத்தை நினைத்துக்கொண்டேன். பிறகு அழுதேன். நன்றாகவே அழுதேன், பக்கத்துச் சதுரங்க மேசை திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. துக்கத்தில் இல்லை. இரண்டு வருடமாக நெஞ்சில் கனத்த ஒன்று இறங்கியது, அவ்வளவுதான். நான் இல்லாதது யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்ள ஒரு உலகமே ஏற்பாடு செய்திருக்க, இந்த மூன்று பேருக்குத் தெரிந்திருக்கிறது. வாராவாரம் எழுந்து வந்து, என் நாற்காலி காலி என்பதைக் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

"அம்மா," என்றார் ஞானசுந்தர் சார் மெதுவாக. "காய் விழுந்திருக்கு. இன்னும் உங்க முறைதான்."

"நீங்களே அடிங்க சார்."

அடித்தார். இந்த முறை ஸ்ட்ரைக்கரும் சேர்ந்து குழிக்குள் போனது. "மைனஸ்!" என்று கத்தினேன். "எடுத்து வைங்க காயை. நீங்க பண்ண மைனஸுக்கு நான் தண்டம் கட்டணுமா?" லோகு விழுந்து விழுந்து சிரித்தான். ஃபைரோஸா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது, இதுதான்டி வேணும்," என்றாள். மணியடித்தபோது பலகை என் வருகையைப் பதிவு செய்து, இன்னும் நூறு வாரம் என்று காட்டியது. சட்டப்படி இது மோசடிதான். என்னால் வருத்தப்பட முடியவில்லை.

கிளம்பும்போது ஃபைரோஸாவிடம் சொன்னேன், அடுத்த வாரம் வருவேன் என்று நிச்சயமில்லை, அதற்கடுத்த வாரமும் தெரியாது, என் உடம்பு இனி இப்படித்தான்.

"முடிஞ்சா வா. முடியலேன்னா ஃபோனையாவது எடு," என்றாள். "அடிக்கிறதுக்கு எங்களுக்கும் ஒரு இடது கை இருக்கு."

கதிரேசன் சொன்னது சரி. ஒரு வாரம் படுக்கைதான். அடுத்த வியாழன் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. ஆறே முக்காலுக்குச் சுவரில் அறிக்கை வந்தது. முப்பத்தெட்டு அடி. மூன்று காய். நாலு மைனஸ். எதிர்ச்சுவரில் அடித்துத் திருப்பும் முயற்சி ஒன்பது, ஒன்பதும் வீண். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது, இன்று லோகுவின் முறை. படுபாவி, காலடியில் கிடந்த காயை விட்டுவிட்டு வித்தை காட்டியிருக்கிறான். ஃபைரோஸாவைக் கூப்பிட்டு, அவனை நாலு வார்த்தை கேட்கச் சொன்னேன். ஃபோனில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள், அவன் நியாயம் பேசினான், சார் விதி சொன்னார். கால்மணி நேரம் ஓடியது.

"ஜெயிச்சியா?" என்றார் கதிரேசன் சமையலறையிலிருந்து.

"படுதோல்வி," என்றேன் சிரித்துக்கொண்டே. "இன்னைக்கு நான் ரொம்ப மோசமா ஆடிட்டேன்."